அவள் அப்பா என்ன கேட்டார்

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் தலைமையாசிரியர் என் ஆலோசனை அறைக்கு வந்தார். அபூர்வம். விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறை இது, ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. உட்காராமலே பேசினார்.

"பன்னிரண்டாம் வகுப்புல நல்லா படிக்கற பசங்களுக்கு நீங்க நேரம் செலவழிக்க வேண்டாம் மேடம். அவங்க தானா கரையேறிடுவாங்க. தடுமாறறவங்களைப் பாருங்க."

எத்தனை பள்ளியில் கேட்டுவிட்டேன் இதை. கெட்டிக்காரப் பிள்ளைக்கு வழி சொல்ல வேண்டியதில்லையாம். எல்லாக் கதவும் திறந்து கிடந்தால் எதற்குள் போவது என்று தெரியாமல் பிள்ளை கூடத்திலேயே நின்றுவிடும் என்று சொல்ல வாய் வந்தது. "ஒரு தடவை பேசிட்டு விட்டுடறேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் வந்தவள் 'வக்கீல்'. பள்ளிக்கூடமே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. அப்பா அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. முதல் வகுப்பில் சேர வந்த அன்றே, மேஜை உயரம்கூட இல்லாத குழந்தை, அலுவலகத்தில் அவர்களுக்காகப் பேசி இடம் வாங்கிவிட்டதாம். அன்று வாட்ச்மேன் வைத்த பெயர்.

விருப்பம் அறியும் கேள்வித்தாளை முடித்துக் கொடுத்தாள். பார்த்தேன். கணக்கு, உயிரியல், இலக்கியம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண். மேடு பள்ளம் இல்லாத கோடு.

"எல்லாமே பிடிக்குமா?"

"எல்லாமே வரும் மிஸ்."

நான் கேட்டது பிடிக்குமா என்று.

ஆகஸ்ட் 13

வக்கீல் முடிவே செய்துவிட்டாளாம். மருத்துவம். ஏன் என்றேன். சேவை, மரியாதை, நிலையான வேலை என்று மேடைப் பேச்சு போல ஒப்பித்தாள். அவளாகவே மெதுவாக, "காலேஜுக்கு வீட்டுலேர்ந்து நடந்தே போயிடலாம் மிஸ்" என்றாள்.

இன்று அவள் சொன்னதிலேயே உண்மையான காரணம் அது ஒன்றுதான் என்று தோன்றியது.

இன்னொன்றும் கவனித்தேன். பேசும்போது என் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. புருவம் அசைந்தால் வாக்கியத்தை மாற்றிக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 21

"அந்தப் பொண்ணைக் குழப்பாதீங்க மேடம். பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு டாக்டராவது வேணும்" என்றார் தலைமையாசிரியர்.

"குழம்பறதா இருந்தா இப்பவே குழம்பட்டும் சார். நாப்பது வயசுல குழம்பினா ரொம்பக் கஷ்டம்."

சிரிக்கவில்லை அவர். ஆனால் இரண்டு நாள் வெளியே அனுப்ப அனுமதி தந்தார். ஒரு நாள் மருத்துவமனை, ஒரு நாள் வானிலை மையம். வேலை நடக்கிற இடத்தில் போய் நின்று பார்க்கட்டும். கேள்வித்தாளில் வராதது அங்கே வரும்.

செப்டம்பர் 3

மருத்துவமனையில் எல்லாருக்கும் அவளைப் பிடித்துப் போயிற்று. பெரிய டாக்டர் தொலைபேசியில் புகழ்ந்தார். அவளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

"டாக்டர் சொன்னது ஒரு பெரியவருக்குப் புரியல. நான் எடுத்துச் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் அதேதான் மிஸ். நாள் முழுக்க எடுத்துச் சொன்னேன்."

களைத்துப் போயிருந்தாள்.

செப்டம்பர் 5

மாலை ஐந்து தாண்டி வானிலை அதிகாரி கூப்பிட்டார். "மேடம், உங்க பொண்ணு இன்னும் இங்கதான் இருக்கா. மதியம் சாப்பிடவும் இல்ல. வீட்டுக்கு அனுப்பணுமா, இல்ல இங்கயே வேலை போட்டுக் கொடுக்கணுமா?"

செப்டம்பர் 8, திங்கள்

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. என் மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்துத் திருப்பி, கோடு போட ஆரம்பித்தாள். இன்றைய காற்றை அளக்கும்போது தம்மாத்துண்டு பிழை வந்தால், நாள் போகப் போக அது எப்படிப் பெருத்துப் புயலையே இடம் மாற்றிவிடும் என்று விளக்கினாள். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. எனக்குப் புரிகிறதா என்றே அவள் பார்க்கவில்லை. பேச ஆரம்பித்ததிலிருந்து முடிக்கும்வரை ஒரு தடவைகூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்தப் படிப்புக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறதாம். ரயிலில் ஒன்றரை நாள். பாடத்திட்டம் முழுதும் மனப்பாடமாகச் சொல்கிறாள்.

மணி அடித்தது. காகிதத்தை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஆனா மெடிசின்தான் மிஸ்."

செப்டம்பர் 18, வியாழன்

இன்று பெற்றோர் வந்தார்கள். அப்பா மரவேலை செய்கிறவர், வலது கையில் சுட்டுவிரல் பாதிதான். அம்மா சலவை நிலையத்தில் இஸ்திரிப் பகுதியில் இருக்கிறார். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நடுவில் வக்கீல்.

மகளுக்கு எதில் ஆர்வம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் கைகளால் கேட்டாள். அம்மா நீளமாகப் பதில் சொன்னார். கை மேலே போனது, சுழன்றது, தூரத்தைக் காட்டியது, மகளின் நெஞ்சைத் தொட்டுத் திரும்பியது. முகமெல்லாம் சிரிப்பு.

"நான் டாக்டராகணும்னு ஆசைப்படறாங்க" என்றாள் வக்கீல்.

அவ்வளவுதானா?

பிறகு அப்பா என்னை நேராகப் பார்த்து ஏதோ சொன்னார்.

"நன்றி சொல்றாரு மிஸ்."

நான் தலையை ஆட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கோ காத்திருந்தார். நன்றி சொன்னவர் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

எனக்குச் சைகை மொழி தெரியாது. ஆனால் முகம் படிப்பதுதானே என் பிழைப்பு. அது கேள்வி. பதில் வராமல் மெல்ல அணைந்து போனதையும் பார்த்தேன்.

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்? அவள் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சில் அவளையே நடுவில் உட்கார வைத்திருக்கிறேன். அவளே கட்சிக்காரி, அவளே வக்கீல், அவளே தீர்ப்பு. பள்ளியில் எப்போதும் இப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னா? எனக்கு எங்கே போச்சு புத்தி?

வீட்டில் இவரிடம் சொன்னேன். மருந்துக்கடைக்காரர், எதையும் சீட்டில் எழுதித் தந்தால்தான் நம்புவார். "ஊமைச்சாமிக்குப் பூசாரி சொன்னதுதான் வாக்கு" என்றார். கோபம் வந்தது. அந்த வார்த்தைக்கு. கொஞ்சம், அதிலிருந்த உண்மைக்கும்.

செப்டம்பர் 19

சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அப்பா என்ன கேட்டாரு?"

"நன்றி சொன்னாரு."

"அடுத்த தடவை வெளியிலேர்ந்து ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடப் போறேன். உனக்குத் தெரியாம செய்யக்கூடாதுன்னுதான் முதல்ல உங்கிட்ட சொல்றேன்."

எழுந்துவிட்டாள். "எங்க வீட்டு விஷயத்துக்கு வெளியாள் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். வங்கியா, நான். மின்சார ஆபீஸா, நான். வீட்டுக்காரர் சத்தம் போட்டா, நான். அப்புறம் இது:

"அப்பா கை மெஷின்ல மாட்டின அன்னிக்கு, விரலை எடுக்கணும்னு டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு. அதை அப்பாக்கு நான்தான் சொன்னேன். ஒம்பது வயசு மிஸ் எனக்கு. இனிமே அதையெல்லாம் யார் சொல்றது?"

போய்விட்டாள். அடுத்த பையன் வெளியே காத்திருந்தான். அவனை ஐந்து நிமிஷம் காக்க வைத்தேன். வேறு வழியில்லை, கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஒன்பது வயது.

அக்டோபர் 7, செவ்வாய்

மொழிபெயர்ப்பாளர் இளம்பெண். வந்ததுமே சொல்லிவிட்டார்: "நான் யார் பக்கமும் இல்ல. சொல்றதை அப்படியே சொல்லுவேன். திட்டினா திட்டையும் சொல்லுவேன்." அப்பாவுக்கு அது பிடித்துப் போயிற்று. மகள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டு.

போன தடவை நீங்கள் கேட்டது எனக்கு வந்து சேரவில்லை, திரும்பக் கேட்க முடியுமா என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கேட்டார். மொழிபெயர்ப்பாளர் குரலில்: "காத்து மழை பத்திப் படிக்கற அந்தத் தூரத்துக் காலேஜுக்கு எப்போ விண்ணப்பிக்கணும்னு கேட்டேன்."

மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா தொடர்ந்தார். "எங்களுக்கு மேகத்தைப் பத்திக் கதை கதையா சொல்லுவா. அப்போ அவ முகமே வேற. டாக்டர்னு சொல்லும்போது இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்கும். ஏன் போகலைன்னு கேட்டா, எனக்குத்தான் இஷ்டமில்லைன்னு சொல்றா."

அப்போதுதான் வக்கீலின் கைகள் மடியிலிருந்து வெளியே வந்தன. வேகமாக. மொழிபெயர்ப்பாளர் மூச்சுவாங்கத் தொடர்ந்தார்: "நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா?"

அம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியும் நாங்க இருந்தோம். கல்யாணம் பண்ணிக்கிட்டோம், வீடு பிடிச்சோம், வேலை தேடினோம், தினம் சண்டை போட்டோம். எங்களுக்கு வாயா இருக்கறதுக்காக உன்னைப் பெக்கல."

அப்பா தலை குனிந்தபடி: "தப்பு எங்க மேலதான். நீ பேசினா வேலை சீக்கிரம் முடிஞ்சுது. அதுக்குப் பழகிட்டோம்."

அவள் அழவில்லை. எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனாள். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அக்டோபர் 9

பள்ளிக்கு வரவில்லை.

அக்டோபர் 14

வந்தாள். நடைக்கூடத்தில் என்னைக் கண்டதும் திரும்பி மாடிப்படி ஏறிவிட்டாள்.

அக்டோபர் 28

இடைத்தேர்வில் கணக்குத் தாளில் பாதியை வெற்றாக விட்டிருக்கிறாள். தலைமையாசிரியர் தாளை என் மேஜையில் வைத்தார்.

"இதுதான் உங்க ஆலோசனையா மேடம்?"

அவர்மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருஷமாகச் சுமந்த மூட்டையைத் தலையிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டேன். இறக்கினால் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். நடையே தடுமாறும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

நவம்பர் 4

வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"எங்கம்மா சொன்னது உங்களுக்கு நல்ல வார்த்தையா தெரிஞ்சிருக்கும். எனக்கு எப்படி இருந்துது தெரியுமா? நான் தேவையில்லைன்னா, அப்போ நான் யாரு மிஸ்?"

படித்த புத்தகம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. "தெரியல. கண்டுபிடிக்க உனக்கு இதுவரை யாரும் நேரம் கொடுக்கல. நானும்தான். அவசரப்படுத்திட்டேன்" என்றேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். போகும்போது அடுத்த செவ்வாயும் வரலாமா என்று கேட்டாள்.

நவம்பர் 25

செவ்வாய்களில் நாங்கள் படிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டில் எந்த வேலையை விடலாம் என்று பேசுகிறோம். இந்த வாரம் வங்கி. அப்பா தனியாகப் போனார், எழுதிக் காட்டிப் பேசினார். காக்க வைத்தார்களாம், வேலையும் பாதிதான் முடிந்ததாம்.

"நான் போயிருந்தா பத்து நிமிஷம் மிஸ்! அவரு என்னடான்னா ஜெயிச்சுட்டு வந்த மாதிரி சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கறாரு!"

கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. நடுவே சிரித்தும்விட்டாள்.

டிசம்பர் 16

இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டாள். மருத்துவத்துக்கும், அங்கேயும். தூரத்துக் கல்லூரி விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் படிப்பு' என்ற இடத்தில் என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "பிடிச்சிருக்குன்னு எழுதினேன். அதுக்கு மேல நிரப்ப எதுவும் தோணல."

பிப்ரவரி 10

ஊரெல்லாம் காய்ச்சல். நானும் விடுப்பு.

ஜூன் 23, செவ்வாய்

இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது.

தலைமையாசிரியர் மருத்துவத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுப் பலகைக்குத் தயார் செய்தார். அவள் அவர் அறைக்கே போய், வேண்டாம் சார், நான் அதில் சேரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாளாம். கூட யாரையும் அழைத்துப் போகவில்லை. மற்றவர்களுக்காக அவள் பேசிக் கேட்டிருக்கிறேன். தனக்காகப் பேசினது இதுதான் முதல் தடவையோ?

"ஒரு டாக்டரை இழந்துட்டோம் மேடம்" என்றார் அவர் மதியம். குரலில் நிஜமான வருத்தம்தான். கெட்டவர் இல்லை.

எனக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியவில்லை. போகட்டும், அங்கே பிடிக்காமலும் போகலாம். நான் தப்பாகவும் இருக்கலாம்.

ஜூலை 12

நேற்று ரயில் ஏறிவிட்டாள். நான் நிலையத்துக்குப் போகவில்லை. அது அவர்கள் மூன்று பேருக்கான நேரம்.

ஆகஸ்ட் 20, வியாழன்

அலுவலகத்தில் ஒரே சத்தம். மாற்றுச் சான்றிதழ் வாங்க வக்கீலின் அம்மா தனியாக வந்திருந்தார். எழுத்தர் கத்திக்கொண்டிருந்தார், கத்தினால் கேட்டுவிடும் என்பதுபோல. "பொண்ணை வரச் சொல்லுங்கம்மா! பொண்ணு! பொண்ணு!"

நான் நடுவே போக இரண்டடி வைத்தேன். பிறகு நின்றுகொண்டேன்.

அம்மா பையிலிருந்து பேனா எடுத்தார். எழுத்தர் முன்னால் கிடந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பெரிய எழுத்தில், நிதானமாக எழுதித் திருப்பி வைத்தார்.

பொண்ணு வரமாட்டா. நான் வந்திருக்கேன்.

எழுத்தர் படித்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு, அலமாரியைத் திறக்கப் போனார்.

காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாரம் ஒரு நாள் சைகை மொழி வகுப்புக்குப் போகிறேன். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நான் வேறு ஏதோ கேட்டிருக்க வேண்டும், அப்படிச் சிரித்தார். என் விரல்களைப் பிடித்துச் சரியாக வளைத்து வைத்தார். பிறகு கைபேசியில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார். விடுதி அறை, கலைந்த தலை, ஜன்னலில் மழை. அவள் கைகள் பறந்தன. மேகம் என்ற ஒன்று மட்டும் பிடிபட்டது. மற்றதெல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. நடுவில் ஏதோ சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்ன சொல்கிறாள் என்று புருவத்தை உயர்த்தினேன்.

அம்மா கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்தார். லேசாகச் சிரித்து, தலையை இடவலமாக ஆட்டினார்.