நீங்கள் கடைசியாக வைத்த மூன்று எழுத்து

அப்பா,

இன்று என் ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில் ஒரு 'எல்'லும் இரண்டு 'ஈ'யும் கிடைத்தன. மங்குஸ்தான் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி நீங்கள் செய்த எழுத்துகள். முகர்ந்து பார்த்தேன். பழ வாசனை போய்விட்டது, ஈர அட்டையின் வாடை மட்டும் இருக்கிறது.

ஐந்தருவியில் தண்ணீர் பெருகிக் குளிக்கத் தடை போட்டுவிட்டால் நம் பழக்கடைப் பக்கம் ஆள் வராது. அப்போதுதான் நம் விளையாட்டு. ஆங்கிலத்தில் உங்களுக்கு எழுத்துகள் மட்டுமே தெரியும். அவற்றைக் கலைத்துக் கலைத்து வைத்து, "ஏட்டி, இப்படி ஒண்ணு இருக்கா பாரு" என்பீர்கள். நான் அகராதியைப் புரட்டி அர்த்தம் சொல்வேன். 'டென்' என்று வைத்ததைத் திருப்பிப்போட்டு 'நெட்' ஆக்கிய அன்று உங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதே மூணு எழுத்துதானட்டி! பத்து, வலையாயிட்டே!"

பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்வார். "என்ன அண்ணாச்சி, பழம் விக்கியளா, பரீட்சை எழுதுதியளா?"

"பழம் நாளைக்கு அழுகிப் போவும்லே. இது அழுகாதுல்லா."

மாதத் தேர்வுக்கு முந்தின நாள் 'ஈல்' வைத்தீர்கள். விலாங்கு மீன் என்றேன். கடைசியில் இருந்த 'எல்'லை எடுத்து முன்னால் வைத்தீர்கள்.

"இப்ப?"

நான் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுப்பா."

"பாத்துட்டுச் சொல்லேன்."

"எனக்குத் தெரியாதா? படிக்க விடுங்கப்பா."

"செரி. பரீட்சை முடிஞ்சு பாப்போம்." மூன்றையும் என் பாக்ஸில் போட்டு மூடினீர்கள்.

பரீட்சை முடியும் முன்பே உங்களுக்கு நெஞ்சு வலித்தது. தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை. கடையை விட்டுவிட்டோம். அம்மா இப்போது சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போகிறாள். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் நான் மட்டும்தான். என்னிடம் யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

இன்றுதான் பார்த்தேன். இருக்கிறது அப்பா. 'லீ': காற்று அடிக்காத, மறைவான பக்கம்.

நம் கடைதான் நினைவுக்கு வந்தது. அருவிக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும் பக்கம் எப்போதும் நீங்கள்தான் உட்காருவீர்கள்; உங்களுக்கு உள்பக்கம், அகராதியோடு நான். உங்கள் இடது தோளில் சட்டை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆட்களைக் கூப்பிட வசதியாக அங்கே இருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

"இருக்குப்பா" என்று சத்தமாகச் சொன்னேன். அம்மாவின் பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மூன்று எழுத்தையும் நீங்கள் வைத்த வரிசையிலேயே ஒட்டி, பாக்ஸில் வைத்திருக்கிறேன். தினமும் பள்ளிக்கு என்னோடு வரும். அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தேன். அத்தனை சாரலில் ஒரு பக்கம்கூட நனைந்ததில்லை.