முன் சீட்டுக்குக் கீழே

நவ. 4, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஃபேன் போட்டும் ஈரம்.

கார் மறுபடி நாறுகிறது. ஊறிய சாக்கு வாசனை. முடிச்சூர் வெள்ளத்தில் சீட் வரை தண்ணீர் நின்ற வண்டி. எத்தனை சாம்பிராணி காட்டியும் ஒவ்வொரு மழைக்கும் இதே கதை. நிவேதா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறினாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண். வாரம் ஒரு நாள் கேளம்பாக்கம் ஆபீஸ். வண்டலூர் வழியாக இவர்தான் கொண்டு விடுகிறார். முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மடியில் தினமும் அவள் கொண்டுபோகும் நீல மூடி சாப்பாட்டு டப்பா.

"அப்பா, வேற வண்டி வாங்கிடலாம்பா. லோன் நான் கட்டறேன்."

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. எதுக்கு?"

பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்து ரிட்டயர் ஆனவர். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார். இந்த வண்டிக்கு மட்டும் கேட்கமாட்டார்.

வாங்க வேண்டியது: எலுமிச்சை, நி.க்கு இரும்புச்சத்து மாத்திரை, கல் உப்பு. உப்பு எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறதோ.

நவ. 6, வெள்ளி

நி.க்கு செக்கப். எல்லாம் நல்லபடி. நிம்மதி.

திரும்பும்போது மழை. குரோம்பேட்டை தாண்டி ஒரு பள்ளம், தேங்கின தண்ணீர்.

"அம்மா, கால்ல தண்ணி அடிக்குதும்மா."

"ஏ.சி. ஒழுகுது," என்றார் இவர்.

நி. செருப்பைத் தூக்கிக் காட்டினாள். சேறு. ஏ.சி.யில் சேறு எப்படி வரும் என்று கேட்டேன். வைப்பரை வேகமாக வைத்தார். நாளை மெக்கானிக் பாஸ்கரிடம் காட்டியே ஆகவேண்டும். நானும் கூடப் போகிறேன். தனியாக விட்டால் ஏதாவது பூசி மெழுகிக்கொண்டு வந்துவிடுவார்.

நவ. 7, சனி

காலையில் நானும் இவரும் பாஸ்கர் ஷெட்டுக்குப் போனோம்.

பாஸ்கர் முன் சீட்டுப் பக்கம் கார்ப்பெட்டை உரித்தார்.

"அக்கா, இங்க வாங்க. ரோடு தெரியுது பாருங்க."

தெரிந்தது. தட்டு அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே தரை, நசுங்கிய டீ கப் ஒன்று. நேற்று அந்த இடத்தில்தான் என் பெண் கால் வைத்திருந்தாள். ஐயோ.

அதோடு போகவில்லை. சீட்டை ஒரு கையால் அசைத்தார். ஆடியது. போல்ட் பிடிக்கும் இடத்தில் இரும்பே இல்லை, வெறும் துரு. "ஓங்கி ஒரு பிரேக் போட்டிருந்தா சீட்டோட போயிருப்பாங்கக்கா."

அங்கே கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவையெல்லாம் கரி.

"இன்னாக்கா இது, மூட்ட மூட்டையா கீது?"

சீட்டுக்கு அடியிலிருந்து துணி முடிச்சுகள். சொட்டச் சொட்ட ஈரம். என் பழைய பச்சை ரவிக்கைத் துணி. அவிழ்த்தால் உப்பு.

திருஷ்டிக்கு உப்பு கட்டி வைப்பது ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் கிடையாது. வாசலில் படிகாரம் கட்டியதற்கு, "நீ படிச்சவதானே மாலா?" என்று ஒரு வாரம் என் மானத்தை வாங்கியவர் இவர்.

திரும்பிப் பார்த்தேன். எதிர் கடை போர்டை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

நவ. 8, ஞாயிறு

மழை. டிபன் யாருக்கும் இறங்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"நிவிக்கு முதல் தடவை கலைஞ்சுதே... அப்பலேர்ந்து."

அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நானும் அவளும் கட்டிக்கொண்டு அழுகிறோம். இவர் ஒரு வார்த்தை பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு கார் கழுவப் போனார். கல் நெஞ்சு என்று நினைத்தேன். இன்று காலை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு பட்டா இரும்பு துருப்பிடிக்கும்னு வருஷா வருஷம் பாடம் எடுத்தீங்களே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உப்பு கரைஞ்சா திருஷ்டி எறங்கிடுச்சுன்னு சொல்வாங்க. ஒவ்வொரு அமாவாசைக்கும் மாத்தும்போது கரைஞ்சிருக்கும். இந்தத் தடவை அவளுக்கும் எல்லாம் நல்லபடியா போச்சா... நிறுத்த பயமா இருந்துச்சு." டிபன் தட்டைத் தள்ளி வைத்தார். "வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல மாலா."

பெண்ணையே கொல்லப் பார்த்தீர்களே என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அப்புறம் காபி போட்டுக் கொடுத்தேன். கோபம் போகவில்லை. அழுகையும் வந்தது, அது வேறு எரிச்சல்.

"கெமிஸ்ட்ரி சாரே உப்பா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு நி. சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ரிப்பேர் பேச்சு முடிந்தது. இவரே சொன்னார், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று.

நவ. 14, சனி

நல்ல வெயில். போர்வை எல்லாம் காய்ந்தது.

வண்டி வந்தாயிற்று. செகண்ட் ஹேண்ட்தான், பல்லாவரத்தில் ஒருவர் விற்றது. வெள்ளம் பார்க்காத வண்டி. பாஸ்கர் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் சரி என்றேன். சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் எலுமிச்சை. இவர் ஒதுங்கியே நின்றார்.

"இனிமே எதுவும் வெக்கமாட்டேன். சத்தியமா," என்றார், நான் கேட்காமலே. பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை நி.க்கு செக்கப். இதிலும் முன் சீட்டில்தான் உட்காருவாள்.

மத்தியானம் இவர் படுத்ததும் மனசு கேட்கவில்லை. ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்து, கல் உப்பு போட்டு, மூடியை இறுக்கினேன். முந்தானையில் மறைத்துக்கொண்டு கீழே போனேன். அன்றைக்கு அப்படிக் கத்தின நான்தான்.

முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். ஏதோ தட்டுப்பட்டது. சத்தியம் பண்ணினாரே மனுஷன்! வெளியே இழுத்தேன்.

நி.யின் நீல மூடி டப்பா. சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. குலுக்கினேன். உப்பு.