உடைசல் கூடை

அரியலூர்,
8-10-1982

அன்புள்ள கொளஞ்சிக்கு,

வகுப்பில் முதல் நாள் என் கண்ணில் முதலில் பட்டது கைகள்தான். என் பெஞ்சில் எல்லோர் விரலிலும் மைக்கறை. என் விரலில் மட்டும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த கறுப்பு. அன்றிலிருந்து கையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் பழகிவிட்டேன். நாலு மாதமாகியும் கறுப்பு போகவில்லை.

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் இருக்கிறேன். ஹாஸ்டலில் விடிவதற்குள் குழாயடியில் குடத்தோடு நிற்க வேண்டும். துவைத்துக் காயப்போட்டால் சிமெண்ட் லாரி கிளப்புகிற புழுதி மறுபடியும் அதில் உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி படிப்பு நேரத்தில் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுகிறேன்.

காலாண்டுப் பரீட்சைத் தாள் கொடுத்தார்கள். கணக்குக்கு அமிர்தவல்லி டீச்சர். அதிக மார்க் வாங்கியவளிலிருந்து வரிசையாகப் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து போகிறார்கள். நான் காத்திருக்கிறேன். கடைசியில் மேசை மேல் என் தாள் ஒன்றுதான் கிடந்தது. பத்தொன்பது மார்க்.

எட்டாவதோடு நின்று இரண்டு வருஷம் முந்திரி உடைக்கிற கொட்டகையில் உட்கார்ந்துவிட்டு வந்தவள் என்பதால் எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள். அன்றைக்கு முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அக்கா, எங்க அம்மா உங்களப் பாத்து நடந்துக்கச் சொன்னாங்களே, இப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். கெட்ட பெண் இல்லை. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சுரங்கத்தில் வேலை கிடைத்ததும் ராசாங்கம் அண்ணன் பெரிய ஆசையோடு என்னை இங்கே கொண்டுவந்து விட்டது. திரும்பி வந்துவிடுகிறேன் என்று அதனிடம் எப்படிச் சொல்வது? கொட்டகையில் என் இடத்தை மட்டும் யாருக்கும் விடாதே. அய்யாக்கண்ணு மேஸ்திரியிடம் சொல்லி வை.

உன்,
வேம்பு

* * *

ஆண்டிமடம்,
19-10-1982

வேம்புக்கு கொளஞ்சி எழுதிக்கொண்டது.

லெட்டர் வந்துச்சு. அஞ்சாப்பு படிச்சவளுக்கு இம்மாம் பெருசா எழுதுனா எப்படிடி படிக்கிறது? ரெண்டு நாள் ஆச்சு.

நீ வா. ஒன் எடத்துல சாக்கப் போட்டு, நீ கொட்ட ஒடைக்கிற கட்டைய அதுமேல வச்சிருக்கேன். யாராச்சும் ஒக்காந்தா, "அது ஆள் வர்ற எடம்"னு வெரட்டி வுட்டுடுறேன். மேஸ்திரி, "என்னா, கலெக்டரம்மாவுக்கு சீட்டு புடிச்சு வச்சிருக்கியா?"ன்னு கேக்குறாரு. ஆமாங்கன்னுட்டேன்.

நீ போனப்புறம் எனக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளு இல்ல. பக்கத்துல கலியம்மாள் பெரியம்மா. அதுக்குக் காது கேக்காது. நான் ஒன்னு சொன்னா அது ஒன்னு சொல்லும். சாயங்காலம் தனியா வூட்டுக்கு நடக்குறேன். அவளுவ அக்கான்னு கூப்புட்டா கூப்புடட்டும், இங்க வா, நான் கழுதன்னே கூப்புடுறேன்.

சீக்கிரம் வந்துடு.

கொளஞ்சி

* * *

அரியலூர்,
22-11-1982

அன்புள்ள கொளஞ்சிக்கு,

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது நீ உன் அம்மாயி வீட்டுக்கு தா.பழூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். உன்னைப் பார்க்காதது பெரிய குறை. கொட்டகையை எட்டிப் பார்த்தேன். என் சாக்கு அப்படியே இருந்தது. அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. அது எனக்குப் புதுப் பேனா வாங்கி வைத்திருந்தது.

போன வாரம் அமிர்தவல்லி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். இந்த மாதப் பரீட்சையில் இருபத்திரண்டு. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நான் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்த இடத்தையெல்லாம் படித்தார்கள்.

"இது சரிதானே, ஏம்மா அடிச்சே?"

"சந்தேகமா இருந்துச்சு டீச்சர்."

"இதுவும் சரி. இதுவும்தான். அடிச்சதுக்கு நான் மார்க் போட முடியாதே."

அவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். தெரியாமல் மார்க் போனால் படித்துக்கொள்ளலாம். தெரிந்ததையும் நானே அடித்துவிட்டு வருகிறேன் என்றால் எதைப் படிப்பது? எழுதி முடித்ததும் அது தப்பு என்றே தோன்றுகிறது, கொளஞ்சி. கை தானாக அடித்துவிடுகிறது. பிறகு வேறு ஒன்றை எழுதுகிறேன். அது தப்பாக இருக்கிறது.

எனக்குச் சலித்துவிட்டது. அரையாண்டுப் பரீட்சைக்கு உட்காரப் போவதில்லை. அடுத்த மாதம் பிறந்ததும் பெட்டியோடு வந்துவிடுகிறேன். அண்ணன் திட்டினால் திட்டட்டும்.

உன்,
வேம்பு

* * *

ஆண்டிமடம்,
27-11-1982

வேம்புக்கு,

நீ வர வேணாம். ஒன் எடத்துல என் தங்கச்சி ஆண்டாயிய ஒக்கார வச்சுட்டேன். மேஸ்திரி கேக்கல, நானாத்தான் போயி சேத்துவுட்டேன். ஒன் லெட்டர் வந்த மறுநாளே.

கோவப்படு. ஆனா இதப் படிச்சுட்டுக் கோவப்படு.

இங்க இருந்தப்ப நீ என்னா பண்ணுவ, தெரியுமா? பருப்புல நகக்கீறல் மாதிரி ஒரு கோடு இருந்தாலும், இது ஒடஞ்சுடுச்சுன்னு தூக்கி ஒடசல் கூடையில போட்டுடுவ. மேஸ்திரி பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருப்பாரு. ஒடசலுக்குக் கூலி கம்மி, முழுப்பருப்ப ஒடசல் வெலைக்கு எடுத்துக்கிட்டா அவருக்கு வலிக்குதா? நீ தண்ணி குடிக்கப் போறப்பல்லாம் நான்தான் ஒன் ஒடசல் கூடையக் கெளறி, நல்ல பருப்பாப் பொறுக்கி, ஒன் முழுப்பருப்புல திருப்பிப் போடுவேன். தெனமும்தான். ஒனக்குத் தெரியாது. "இன்னிக்கு எனக்கு நல்லா வந்திருக்கு கொளஞ்சி"ன்னு சிரிப்ப.

அங்க வந்து ஒன் பேப்பர்ல என்னால பொறுக்க முடியாது. அதுல எனக்கு ஒன்னும் புரியாது. நீயேதான் பாத்துக்கணும்.

நீ வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கும். அதுக்காவ வரச் சொல்ல மனசு வல்ல. ஆண்டாயி பேச்சுக்கு ஆவ மாட்டா. ஒக்காந்த எடத்துல தூங்கி வழியுறா. போவட்டும்.

கொளஞ்சி

* * *

அரியலூர்,
18-12-1982

அன்புள்ள கொளஞ்சிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை. கோபம்தான். என் இடத்தை ஆண்டாயிக்குக் கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் குளியலறையில் போய் நின்று அழுதேன். மறுபடி படித்தபோது உன் மேல் கோபமா, அந்தக் கூடை மேல் கோபமா என்று தெரியவில்லை. போக இடமில்லாததால் பரீட்சைக்கு உட்கார்ந்தேன். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நேற்றுக் கணக்குப் பரீட்சை. மூன்றாவது கணக்கைப் போட்டு முடித்ததும் எப்போதும் போல் வந்துவிட்டது. இது தப்பு, இது தப்பு என்று. கோடு போடப் பேனாவை வைத்தும்விட்டேன். தாளில் ஒரு புள்ளி விழுந்தது. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நினைத்தேன். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவதற்குக் காத்திருந்திருப்பாய்.

முதல் வரியிலிருந்து திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. தப்பாகவும் இருக்கலாம். தாள் கொடுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

பேனாவை மூடினேன். மணி அடிக்கும்வரை இரண்டு கையையும் பெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்,
வேம்பு