சுனைவாயில் காவல் குறித்து மேலைக்கோட்டைத் தலைவருக்கு

மழை வழுவாது பெய்க. மன்னர் கோல் கோணாது நிற்க. செங்குவட்டு நாடாளும் அரிமாவேள் மன்னரின் திருவாணைப்படி, தலைமை அமைச்சர் மதிசூடி நக்கனார், மேலைக்கோட்டைத் தலைவர் ஆதன் வேட்டுவனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் நலமுறுக.

பகைவர் நம் எல்லையில் பாசறை அமைத்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். தலைநகரில் உள்ளோர் அனைவரும் பருகுவது ஒரே சுனையின் நீர். அச்சுனைவாயிலைக் காப்பவள் கொற்றி என்னும் வீராங்கனை. நேற்று உச்சிவேளையில் படைத்தலைவர் சேந்தனார் அங்கே தனியே வந்தார். அவர் விரலில் அரசரின் கணையாழி. அதைக் கண்டு திறவாத கதவு இந்நகரில் இல்லை. வெளிவாயிலும் இடைவாயிலும் அவ்வாறே திறந்துவிட்டன.

கொற்றி மட்டும் தாழை நீக்கவில்லை. வழியில் காணும்போதெல்லாம் தங்கையே என்றழைத்து நலம் கேட்பவர், அன்று அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுனையருகே அவருக்கு ஒருநாளும் வேலை இருந்ததில்லை. கணையாழி மெய்யானதே, ஆனால் அணிந்து வந்தவர் பழைய சேந்தனார்தாமா என்று அவள் ஐயுற்றாள். மறுத்தால் தன் தலை போகும். திறந்தால் ஊரே போகக்கூடும். வெளிவாயில் வரை அவரை நம்புவதாகவும், நீர் வரை நம்ப இன்று மனம் இடந்தரவில்லை என்றும் நாக்குழறச் சொன்னாள்.

அவர் வாளை உருவினார். அவள் கண்களை மூடிக்கொண்டாளே அன்றி, கதவைவிட்டு அகலவில்லை. வாள் கல்லில் விழும் ஓசை கேட்டது. கண் திறந்தபோது அவர் தரையில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். மடியில் நஞ்சு இருந்தது. மனைவியும் மகளும் பகைவர் பிடியில் இருப்பதாகவும், நீரில் அதைக் கலந்தால்தான் அவர்கள் பிழைப்பார்கள் என்றும் உரைத்தார்.

ஆதலால், ஒரு கணையாழிக்கு எல்லாக் கதவுகளும் திறத்தல் இன்றோடு ஒழிக. வருபவர் மன்னரே ஆயினும், அந்தந்த வாயிலில் அன்றைய நடத்தையை நோக்கி, ஐயம் எழும் இடத்திலேயே நிறுத்துக. நிறுத்திய காவலருக்குத் தண்டனை இல்லை.

சேந்தனார் இன்னொன்றும் சொன்னார். மேலைக்கோட்டையிலும் பகைவரிடம் இவ்வாறே அகப்பட்ட பெரியவர் ஒருவர் உண்டாம், பெயர் அறியார். அவர் தாங்களே ஆயின், வாய்திறந்து சொல்லுங்கள். தங்கள் உறவினரை மீட்க நம் படை புறப்படும். சொல்லாது தங்கள் கோட்டைச் சுனையை நெருங்க வேண்டா. இவ்வோலை தங்கள் கையில் சேருமுன், தங்கள் சுனைக்காவலர் செவியில் முழுதும் படிக்கப்பட்டுவிட்டது.

இது மன்னர் ஆணை. அரிமா முத்திரை இடப்பட்டது.