ஊக்குத் தட்டு

28 மார்ச் 2036
காலை 8.30

இன்று நிலையத்தில் இருப்பவர்கள்: தலைவர் டாக்டர் வைகுந்தன். துளை வேலை ஜெரால்டு. மின்சாரம் மஸ்தான். கருவிப் பொறுப்பு நிறைமதி, என் பேத்தி. ஆயா.

நால்வரும் சுரங்கத்துக்குள் கூண்டில் கீழே இறங்கிவிட்டார்கள். நானூறு அடி. புதுக் கருவியைப் பாறையில் பதித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மேலே வருவார்கள். தினமும் இதை எழுதுகிற ஜெரால்டும் பாரம் தூக்கப் போய்விட்டதால் நான் எழுதுகிறேன். மேலே இருப்பவர் மணிக்கு ஒரு தரமாவது எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். அறிவொளி வகுப்பில் படித்த எழுத்து. பிழை இருந்தால் படிப்பவர் திருத்திக்கொள்ளவும்.

இது பூமியின் காந்தத்தை அளக்கிற இடம். அளக்கிற வீட்டில் ஓர் இரும்பு ஆணி கிடையாது. எல்லாம் செம்பு, மரம். உள்ளே போகிறவர்கள் இரும்பையெல்லாம் கழற்றி வாசலில் இருக்கும் பித்தளைத் தட்டில் போட வேண்டும். கீழே போகிறவர்களுக்கும் அதே சட்டம். இன்று தட்டில்: நிறைமதியின் கொண்டை ஊசி இரண்டு, டாக்டரின் சாவிக்கொத்து, மஸ்தானின் பேனாக்கத்தி, ஜெரால்டின் பெல்ட்டு, என் ஊக்கு மூன்று.

கூண்டில் ஏறும்போது டாக்டர், "ஆயாம்மா, ஊக்கெல்லாம் எண்ணிப் பாத்தீங்களா?" என்றார். ஜெரால்டு சிரித்தான். இரண்டையும், டாக்டர் என் சாம்பாரைக் குறை சொன்னதையும் என் கணக்கில் வைத்திருக்கிறேன்.

காந்தத்தைக் காட்டுகிற கணினித் திரையில் கோடு நேராக இருக்கிறது.

காலை 9.25

கோடு துள்ளியது. திரையில் இல்லை, மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய உருளையில். காகிதத்தில் மைமுள் கீறுகிற அந்தக் கருவியை இப்போது யாரும் பார்ப்பதில்லை. காகிதம் மாற்றுவது மட்டும் என் வேலை. 9.20க்கு முள் ஒரு விரல் அகலம் எகிறி இறங்கியது. நான் அப்போது அளக்கிற வீட்டிலேயே இல்லை. நாற்பது அடி தள்ளி, இந்த மேசையில் இருந்தேன்.

காகிதத்தைப் பின்னால் உருட்டிப் பார்த்தேன். விடிகாலை 6.20க்கு ஒரு துள்ளல். அதற்கு முன் இரவு 12.20க்கு ஒன்று. திரையில் இரண்டுமே இல்லை.

கீழே போன் செய்தேன்.

"ஐயா, உருளையில முள்ளு துள்ளுது."

"திரையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப ஒண்ணும் இல்ல. அந்தக் கிழட்டு மெஷினத் தட்டாதீங்க ஆயாம்மா."

"பத்து அம்பதுக்கு மறுபடியும் துள்ளும், பாருங்க."

"சரி சரி. ஜோசியம் சொல்லியாச்சுன்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.

காலை 10.00

ஏன் பத்து ஐம்பது என்று சொன்னேன் என்பதை எழுதி வைக்கிறேன். எனக்குப் படிப்புதான் இல்லை. மறதியும் இல்லை. 1994 பொங்கலன்று என் நாத்தனார் என் பானையைக் காலால் தள்ளியபோது மணி ஏழே கால்.

இந்த மாதம் முள் துள்ளிய நாட்கள்: 12, 20, 24, 26, 27. எல்லாம் மதியம் 12.20. நான் காந்த வீட்டைப் பெருக்குகிற நேரம். முதல் இடைவெளி எட்டு நாள், பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. அடுத்து அரை நாள், கால் நாள், மூன்று மணி. பிள்ளைக்கு முறுக்கை உடைப்பது போலப் பாதி, பாதியில் பாதி. மூன்றில் பாதி ஒன்றரை. அதுதான் பத்து ஐம்பது.

தட்டில் இருக்கிற ஊக்குகள், கொண்டை ஊசிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன, சுரங்க வாய்ப் பக்கம். கலைத்துவிட்டேன். மறுபடியும் திரும்பின.

காலை 10.30

திரை நேர்க்கோடு. ஊக்குகளை மூன்று தரம் கலைத்தேன். பேனாக்கத்தியும் திரும்பிவிட்டது. அது கனமான கத்தி.



காலை 10.52

பத்து ஐம்பதுக்குத் துள்ளியது. முள் காகிதத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. போன் செய்து நிறைமதியைக் கேட்டேன்.

"அம்மாச்சி, திரையில அது வராது. மார்ச் இருபதுக்கு அப்புறம் நான் ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். அந்த மாதிரித் துள்ளல் வந்தா அதுவே கழிச்சிரும். உன் ஊக்குன்னு டாக்டர் குறிச்சிட்டார்ல, தெனம் உன்னைய ஏசக் கூடாதுன்னுதான்…"

நிறுத்திவிட்டாள். பிறகு:

"அம்மாச்சி, அன்னிக்கு உன்கிட்ட ஊக்கு இருந்துச்சா இல்லையா? சத்தியமாச் சொல்லு."

"இல்ல சாமி."

"அப்ப ஏன் ஆமான்னு சொன்ன?"

"அத விடு, மேல வா" என்றேன். பிறகு, பாறையை ரொம்ப அழுத்தினால் அதற்குள் இருக்கிற காந்தம் மாறும், உடையப்போகிற பாறை அப்படித்தான் சொல்லும் என்று யாரிடமோ கத்தினாள். டாக்டர் போனை வாங்கினார்.

"எல்லாரும் மேல வர்றோம். கூண்டு பொத்தானை அமுக்குங்க."

காலை 11.10

கூண்டு வரவில்லை. அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். கீழே விடுகிற இரும்பு கூண்டும் அதன் கயிறும் மட்டும்தான். பாறையோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை என்று மஸ்தான் போனில் சொன்னான். மேலே கயிறு வீணைக் கம்பி போல முனகுகிறது.

இன்னொரு வழி மர ஏணி. நானூற்று எண்பது படி. மஸ்தான் முதலில், அடுத்து ஜெரால்டு, அடுத்து நிறைமதி. டாக்டருக்கு முழங்கால் சரியில்லை. அவர் கீழே போன் பக்கத்திலேயே இருக்கிறார்.

அடுத்தது 11.35. இப்படியே பாதி பாதியாகக் குறைந்தால் 12.20ஐத் தாண்டி எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. விரல் விட்டு நான்கு தரம் எண்ணிவிட்டேன்.

காலை 11.37

துள்ளியது. தட்டில் ஊக்குகள் எழுந்து நின்றன. முனை மேலே, தலை கீழே. சமையற்கட்டில் அரிவாள்மணை தரையில் தானாகவே இழுபட்டு வந்து கதவில் முட்டி நிற்கிறது.

டாக்டர் பேசினார்.

"ஆயாம்மா, எழுதிக்கோங்க. மார்ச் இருபது குறிப்பு தப்பு. ஊக்கு இல்ல. கருவி சரியாத்தான் சொல்லியிருக்கு. கையெழுத்து, வைகுந்தன்."

"ஐயா, ஏணில ஏறிப் பாருங்களேன்."

"பதினேழு படி ஏறிட்டு எறங்கினேன். காலு இல்லம்மா. உங்க சாம்பாரைக் கொறை சொன்னதையும் அடிச்சிருங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

இரண்டையும் அடித்துவிட்டேன். அவர் பேரையும் என் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன்.

காலை 11.58

11.57க்குத் துள்ளியது. சன்னல் கம்பிகள் உள்பக்கம் வளைந்துவிட்டன.

மஸ்தான் வந்துவிட்டான். ஜெரால்டு வந்துவிட்டான், உள்ளங்கை இரண்டிலும் ரத்தம். பின்னால் யாரும் இல்லை. பாதி ஏணியில் நிறைமதி திரும்பி இறங்கிவிட்டாளாம். "ஐயாவத் தோள்ல கட்டித் தூக்கியாரேன்னு போயிட்டா ஆயா, காலப் பிடிச்சு இழுத்தேன், உதறிட்டா" என்று ஜெரால்டு அழுதான். அவனுடைய சிரிப்பையும் அடித்துவிட்டேன்.

ஜீப்பு சுரங்க வாய் வரைக்கும் உருண்டு போய்ப் பாறையில் மோதிக் கிடக்கிறது. அடிவாரத்தில் இருநூறு வீடு. நடந்தாவது, ஓடியாவது போய்ச் சொல்லுங்கள் என்று இரண்டு பேரையும் விரட்டிவிட்டேன். என்னையும் கூப்பிட்டார்கள். போன் அடிக்கும், எடுக்க ஆள் வேண்டாமா?

மதியம் 12.10

12.09. ஊக்குகள் தட்டில் இல்லை. சுவரில் குத்தி நிற்கின்றன.

போன்.

"அம்மாச்சி, இன்னும் போகலையா நீ?"

"ஏறி வா தாயி."

"ஐயாவை முதுகுல கட்டிட்டேன். முப்பது படிதான் முடிஞ்சுது. விழுந்துட்டோம்."

"அவர விட்டுட்டு வான்னு சொல்ல மாட்டேன். ஆனா வா."

"காம்பஸ் வடக்கப் பாக்கல அம்மாச்சி. நேரா கீழ பாத்து நிக்குது. பாறை வெதுவெதுன்னு இருக்கு, மாட்டு வயிறு மாதிரி. உள்ள என்னமோ பொரளுது."

"பயப்படாத."

"நீயும் பயப்படாத. இதெல்லாத்தையும் எழுது. உருளைக் காகிதத்தையும் சேத்து வையி. அடுத்த எடத்துல இப்படித் துள்ளுனா யாரும் கழிக்கக் கூடாது."

மதியம் 12.14

துள்ளியது. போன் செத்துவிட்டது.

பென்சிலில் எழுதுகிறேன். பேனா முனை என் கையைச் சுவர்ப் பக்கம் இழுக்கிறது.

கண்டெடுக்கிறவருக்கு. மார்ச் 20 அன்று நடந்தது இது. கோடு துள்ளியது. யாரிடம் இரும்பு என்று டாக்டர் கேட்டார். இரும்பு இல்லையென்றால் கருவியில் கோளாறு, பதித்தவள் நிறைமதி, அவளை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். தாயில்லாத பிள்ளை. நான் வளர்த்தேன், மலையேறி வந்து நான் பெருக்குகிற இடத்துக்கே விஞ்ஞானியாக வந்தாள். என் ஊக்குதானுங்க ஐயா, மறந்து குத்திக்கிட்டு வந்துட்டேன் என்று சொன்னேன். என் முந்தானையில் ஊக்கே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் உருளையில் துள்ளியது. பார்த்தேன். சொன்னால் முன்னால் சொன்ன பொய் வெளியே வரும் என்று காகிதத்தைச் சுருட்டிப் பரணில் வைத்தேன். 26ஆம் தேதி வளையலைக்கூடக் கழற்றிவிட்டுப் பெருக்கினேன். என் உடம்பிலேயே இரும்பு ஊறிவிட்டதோ என்று பயந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மதியம் 12.17

துள்ளியது. தரை அதிர்கிறது. ஏணி வாய்க்கு இரண்டு தரம் போய்க் கூப்பிட்டேன். கீழே இருந்து என் குரல் மட்டும் வந்தது. மூன்றாம் தரம் வேறு சத்தம். ஆள் சத்தம் இல்லை.

பழைய காகிதம் ஐந்தும் இன்றைய காகிதமும் இந்த நோட்டும் பித்தளைத் தூக்குவாளியில் வைக்கிறேன். பித்தளையை அது இழுக்காது.

12.18

நாத்தனாரை மன்னித்துவிட்டேன். பானை போனால் போகிறது.

12.19

ஏணியில் சத்தம். யாரோ ஏறுகிறார்கள். அவளா என்று தெரியவில்லை. படி எண்ணுகிறேன். ரொம்ப வேகமாக வருகிறது, அவளால் இவ்வளவு

மூடுகிறேன். இந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் என் பேர் கிடையாது, ஆயா என்றே எழுதுவார்கள். மன்னிக்கவே முடியாத ஆள் ஒன்று என் கணக்கில் பாக்கி இருப்பதால் அந்தப் பேரை எழுதிவிடுகிறேன்.

பவளக்கொடி