கயிறில்லாமல் இறங்கிய மாலுமி

நேற்று மாலை கல்லூரியிலிருந்து வந்ததும் மடிக்கணினியில் அந்தப் பழைய விண்வெளித் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் போட்டேன். நாம் பதினாறு வயதில் பார்த்ததுதான். யாரோ படச்சுருளைத் துடைத்துச் சீராக்கி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இலங்கைத் தொலைக்காட்சியிலிருந்து கடல் தாண்டி நமக்கு வந்த படம் பாதிக்கு மேல் வெண்புள்ளி. அந்தப் புள்ளிகள் அன்று மறைத்ததெல்லாம் இப்போது தெரிகிறது. பாறை வெறும் நுரைப்பஞ்சு. ஒருவன் சாய்ந்தால் அமுங்கி எழுகிறது. வேற்றுக்கிரகத்து வானம் ஒரு திரைச்சீலை. அடிவானத்தின் குறுக்கே ஒரு மடிப்பு ஓடுகிறது. எதிர்காலத்தின் மாபெரும் கணிப்பொறி சுவர் முழுக்க விளக்குகளை மினுக்கி, ஒரு கூட்டலுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. விஞ்ஞானி என்று சொல்லப்படும் பெண், கப்பல் தலைவனுக்குக் காப்பி கொண்டுவருகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போய் ஐம்பது நாள்கூட ஆகவில்லை.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆண்டெனாக் குழாயைத் தென்கிழக்காகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். கீழே பெட்டிக்கு முன்னால் நீ. "வருதுலே... வருது... ஏ, போச்சு! கைய எடுக்காத, அங்கனயே நில்லு!" என்று உன் குரல் படிக்கட்டு வழியே ஏறிவரும். நான் கையை எடுத்தால் கடற்காற்று குழாயைத் திருப்பிவிடும். ஆகவே பல அத்தியாயங்களை நான் உன் வாயால்தான் பார்த்தேன்.

"அஞ்சு பேரு எறங்குதானுவ. நாலு பேருக்குப் பேரு சொல்லியாச்சு. அஞ்சாவது ஆளுக்குப் பேரே இல்ல. இவன் செத்தான்லே!"

பத்து நிமிடத்தில் அவன் செத்துவிடுவான். ஒருமுறைகூட நீ தவறியதில்லை.

அவர்கள் கையில் ஒரு சிறு பெட்டி இருக்கும். கப்பலின் வாசலில் நின்று அதை நீட்டுவார்கள். விளக்கு எரிந்ததும், சுவாசிக்கலாம் என்று சொல்லித் தலைக்கவசத்தைக் கழற்றுவார்கள். உனக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. "வாசல்ல நின்னு பாத்தா உள்ள இருக்கது தெரியுமாலே? சரி, கயிறு எங்க? இவனுக்கு மச்சானே கிடையாதா?"

நீ சங்கு குளித்த குடும்பத்துப் பிள்ளை. சங்கெடுக்கக் கடலில் இறங்குபவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவனிடம் தவிர வேறெவரிடமும் கொடுப்பதில்லை என்பது உங்கள் வீட்டு நடைமுறை. கூலிக்கு நிற்பவன் கண் அயரலாம். தங்கையின் தாலியைக் கையில் பிடித்திருப்பவன் அயரமாட்டான். கயிறு அசைந்தால் இழுப்பான். அசைய வேண்டிய நேரத்தில் அசையாவிட்டாலும் இழுப்பான்.

பின்னர் நீ என் தங்கை ரோஸ்லினைக் கட்டினாய். கோயில் வாசலில் என் தோளில் கைபோட்டு, "இனி நீதாம்லே என் கயிறு," என்றாய். நான் வேதியியல் பேராசிரியரானேன். நீ துறைமுகத்தில் கப்பலுக்குள் இறங்கிச் சரக்கு எடுக்கும் கூட்டத்தில் சேர்ந்தாய்.

சென்ற ஆண்டு உன் ஒப்பந்தக்காரர், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பெடுக்க என்னை அழைத்தார். சொல்ல வேண்டியதைத் தாளில் அச்சிட்டே கொடுத்தார்கள். அதில் காற்றை அளக்கும் மீட்டர் இருந்தது, வாக்கிடாக்கி இருந்தது. கயிறும், அதைப் பிடித்து மேலே நிற்கும் ஆளும் இல்லை. ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டு, ஏன் என்று மேலாளரிடம் கேட்டேன். "ஒரு ஆளு சும்மா கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கதுக்கா சார்? அதான் மீட்டர் இருக்குல்லா," என்றார். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டேன். மேடையேறி அதையே நல்ல தமிழில் சொன்னேன்.

கடைசி வரிசையில் நீ எழுந்தாய். "சார், ஒரு சந்தேகம். மீட்டரு மேல நிக்கும். கீழ எறங்குதவன் கயித்த யாரு பிடிப்பா?"

நீ என் மைத்துனன் என்பது அவர்களுக்குத் தெரியும். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். "அதெல்லாம் உங்க தாத்தா காலம்," என்றேன். நீ உட்கார்ந்துவிட்டாய்.

நீ போன அன்று வந்தது மரக்கட்டைகள் ஏற்றிய கப்பல். மூடிய அறைக்குள் ஈர மரம் வாரக்கணக்கில் கிடந்தால் அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். நாற்றம் வராது, கண் எரியாது. மேலே திறப்பின் வாயில் நல்ல காற்று இருக்கும். ஏணியின் அடியில் ஒன்றும் இருக்காது. இது எனக்குத் தெரியாத பாடமன்று. உன்னோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள்: மேலாளர் மூடியைத் திறந்து, திறப்பின் வாயருகே மீட்டரை நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. முதல் ஆளாக நீ இறங்கினாய். வாக்கிடாக்கியில் மூன்று முறை கூப்பிட்டார்கள். பதில் இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை எடுக்க ஆளனுப்பினார்கள். கையில் கயிறு இருந்திருந்தால், அது அசையாததே அவர்களுக்குப் பதிலாக இருந்திருக்கும்.

சென்ற வாரம் அதே மேலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். அனுமதி பெறாமல், உன் கவனக்குறைவால், நீயே இறங்கிவிட்டாயாம். ரோஸ்லின் கையெழுத்திட வேண்டும், சாட்சிக்கு நான்.

"படிச்சவங்க நீங்க, சொன்னாப் புரியும். 'கவனக்குறைவு'ங்கது சும்மா ஒரு வார்த்த சார்."

நான் வாய் திறக்குமுன் ரோஸ்லின் கேட்டாள்: "மூடி வச்ச கொழம்பத் தொறந்து மோந்து பாக்காம ஒரு வாய் சோறு திங்காத மனுசன். அவரா கவனமில்லாம எறங்குனாரு? அண்ணே, இந்த ஆளப் போவச் சொல்லு."

போகச் சொன்னேன். தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நேற்று பார்த்த அத்தியாயத்தின் முடிவில், பெயரில்லாத மாலுமியின் உடலருகே தலைவன் நின்று, நல்ல மனிதன் என்கிறான். இசை எழுகிறது, கப்பல் அடுத்த கிரகத்துக்குக் கிளம்புகிறது. நுரைப்பாறை பழசாகிவிட்டது, விளக்குச் சுவர் பழசாகிவிட்டது. இந்தக் காட்சிக்கு மட்டும் ஒரு நாள்கூட வயதாகவில்லை. உன் இரங்கல் பதாகையிலும் 'நல்ல உழைப்பாளி' என்றுதான் போட்டிருந்தார்கள். அதன் மை காயுமுன் அடுத்த கப்பலின் மூடியைத் திறந்தார்கள். அந்தக் கதைகளை எழுதியவர்கள் எதிர்காலத்தைப் பற்றிச் சொன்னதில் இது ஒன்றே சரியாகப் பலித்திருக்கிறது.

நாளைக் காலை விசாரணை. உன் பெயரோடு 'கவனக்குறைவு' என்ற சொல் சேர நான் விடப்போவதில்லை. மேலாளர் கொண்டுவந்த தாளையும், அன்று வகுப்புக்கென்று அவர்கள் அச்சிட்டுத் தந்த தாளையும், அதன் ஓரத்தில் என் கையெழுத்தில் உள்ள குறிப்புகளையும் அதிகாரியிடம் கொடுக்கிறேன். ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்காது. என் கல்லூரிக்கும் பிடிக்காது. என் பெயர் கெடும். கெட வேண்டிய பெயர்தான்.

வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டேன். முதல் வரி உன்னுடையது: கீழே இறங்குகிறவனின் கயிற்றை யார் பிடிப்பது? அதன் கீழே, அன்று அரங்கில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எழுதியிருக்கிறேன்: நான்.