மச்சாள், இந்தக் கோடையும் வடக்கே போய் வந்தோம்

என் அருமை வசந்தி மச்சாளுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று உன்னிடம் கேட்பதில் அர்த்தமில்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குத் தெரியாது. அங்கே மலை இருக்கிறதா? ஏறி நின்று பார்க்க ஒரு மேடாவது இருக்கிறதா? எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கும் இடமென்றால் இதற்குள் நீ அவர்களைத் தட்டியெழுப்பி, மழைக்கோட்டு மாட்டி நடக்க விட்டிருப்பாய்.

செய்தி இதுதான். இந்தக் கோடையும் வடக்கே போய் வந்தோம். இதைக் கடையில் ஒருத்தியிடம் சொன்னபோது, "வடக்கோ? யாழ்ப்பாணத்திலை இப்ப சரியான வெயிலாமே?" என்றாள். இல்லை, ஸ்கொட்லாந்து என்றேன். "அங்கை ஆர் சொந்தக்காரர் இருக்கினம்?" என்று கேட்டாள். நம்மவர்கள் ஓர் ஊருக்குப் போவதென்றால் அங்கே சொந்தக்காரர் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோவிலாவது இருக்க வேண்டும். சேற்றில் நடக்கவும் கூடாரத்தில் நடுங்கவும் ஆசைப்பட்டு, வருடம் தவறாமல் எங்களையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவள் இந்த ஹரோ ஊரிலேயே நீ ஒருத்திதான்.

இனி உன் வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். என் அண்ணைதான், ஆனாலும் உன்னிடம் பேசும்போது அவர் உன் வீட்டுக்காரர். நீ போன பிறகு அந்த மனிசன் சோபாவை விட்டு எழும்பவில்லை. தொலைக்காட்சி ஓடும், சத்தம் இருக்காது. நான் புட்டும் கறியும் கொண்டுபோய் வைத்தால், "வை பிள்ளை, பிறகு பாப்பம்" என்பார். நம்முடைய ஆட்கள் பாப்பம் என்றால் அது இல்லைதான். மரியாதைக்காகச் சொல்வது. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். டொக்டரிடம் கூட்டிப்போனேன், உடம்பில் ஒரு வருத்தமும் இல்லையாம்.

உன் பெயரை அவர் சொல்லவே இல்லை, மச்சாள். ஒரு தடவைகூட இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இவரும் உன் பின்னாலேயே புறப்பட்டுவிடுவாரோ என்று நினைத்து, குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

இந்த மனிசனைக் கிளப்பும் வழியைக் கண்டுபிடித்தவள் அரவிந்தின் மனைவி, உன் மருமகள் நித்யாதான். சென்னைப் பெண் அமைதியானவள் என்று நீ சொல்வாய். அமைதியெல்லாம் வெளியே மட்டும்தான். ஒருநாள் வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். "மாமா, நானும் ராஜி மாமியும் ஸ்காட்லாந்து போறோம். அரவிந்துக்கு லீவு கிடைக்கலை. மாமிதான் கார் ஓட்டப் போறாங்க" என்றாள்.

நான் மோட்டர்வேயில் கார் ஓடிய அழகு அண்ணைக்குத் தெரியும். அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, "ராஜி ஓடினால் நீங்கள் போய்ச் சேரமாட்டியள்" என்றார். தன் உயிரைப் பற்றிக் கவலையில்லாதவருக்கு எங்கள் உயிரைப் பற்றிக் கொஞ்சம் கவலை மிச்சமிருந்தது. அது போதுமாக இருந்தது. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முதல்நாள் மலை ஏறினோம். வழக்கம்போல மழை. மழை விட்டதும் பொடி நுளம்புகள் கூட்டமாக வந்து காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் குடியேறின. அண்ணை எங்களுக்குப் பின்னால் பேசாமல் வந்தார். அவருடைய பையில் ஒரு பக்கம் அவருடைய தண்ணீர்ப் போத்தல், மறுபக்கம் உன்னுடைய பச்சைப் போத்தல். இரண்டிலும் தண்ணீர் நிரப்பியிருந்தார். நானும் நித்யாவும் கண்டும் காணாதவர்கள்போல நடந்தோம்.

அடுத்தநாள் காட்டுப்பாதையில் சைக்கிள். நான் ஒரு வளைவில் திரும்பாமல் நேரே செடிகொடி மண்டிய பற்றைக்குள் போய் விழுந்தேன். அண்ணை ஓடிவந்து முதலில் சைக்கிளைத் தூக்கி, சில்லைச் சுற்றிப் பார்த்தார். "சைக்கிளுக்கு ஒண்டும் இல்லை" என்றார். கூடப்பிறந்தவள் பற்றைக்குள் கிடக்கிறாள், மச்சாள்! ஆனால் அவர் தானாகச் சொன்ன ஒரு வசனம் அது என்பதால் மன்னித்துவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் வள்ளம். நீளமான ஏரி, இரண்டு பக்கமும் மலை, உனக்குப் பிடித்த அந்தக் கறுத்த தண்ணீர். வழிகாட்ட ஒரு ஸ்கொட்லாந்துப் பெண் வந்தாள். அவளும் நானும் ஒரு வள்ளத்தில். மற்றதில் பின்னால் அண்ணை, முன்னால் நித்யா. அந்த முன்பக்கம் நீ இருந்து "இஞ்சாருங்கோ, இடப்பக்கம்! இஞ்சாருங்கோ, பாறை!" என்று கத்திக்கொண்டு போகும் இடம். அண்ணை அந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நித்யாவுக்குக் கைகொடுத்து ஏற்றினார்.

கரைக்குத் திரும்பும்போது எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. துடுப்புப் பிடித்துப் பழக்கமில்லாத நித்யாவுக்குத் தோள் இறுகிவிட்டது. "மாமா, வலிக்குது!" என்று கத்தினாள்.

"ஓம் பிள்ளை, வலி, வலி!" என்றார் அண்ணை.

நாங்கள் தீவுப் பகுதி ஆட்கள். எங்களுக்கு உடம்பு நோகும், துடுப்பைத்தான் வலிப்போம். சென்னைக்காரிக்கு உடம்பே வலிக்கும். படம் பார்த்துப் பார்த்து அந்தப் பேச்சு நமக்குத் தெரியாததல்ல. ஆனால் கையில் துடுப்பும் முகத்தில் காற்றுமாக இருந்தவருக்கு, மருமகள் நன்றாகத் துடுப்பு வலிக்கிறேன் என்று உற்சாகமாகச் சொல்வதாகத்தான் பட்டிருக்கிறது.

"முடியல மாமா, ரொம்ப வலிக்குது!"

"அப்பிடித்தான்! இன்னும் நல்லா வலி! கரை கிட்ட வந்திட்டுது!"

"ஐயோ, உயிர் போற மாதிரி வலிக்குது!"

"விடாதை பிள்ளை, வலி!"

நித்யா துடுப்பை மடியில் போட்டுவிட்டு, கண்ணீரோடு முழு உடம்பையும் திருப்பினாள். "நான் உங்களுக்கு என்ன மாமா பாவம் பண்ணினேன்?" என்று கேட்டாள். வள்ளத்தில் அப்படித் திரும்பினால் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்லவேளை, இடுப்பளவு தண்ணீர்தான். இருவரும் எழுந்து நின்றார்கள். தொப்பி ஒரு பக்கம் போகிறது, வள்ளம் ஒரு பக்கம் போகிறது. அண்ணை பற்கள் கிடுகிடுக்க, "நோகுதெண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை!" என்றார்.

"அதைத்தான மாமா இவ்வளவு நேரமா கத்திட்டிருக்கேன்!"

அண்ணை அவளைப் பார்த்தார். வாய்க்குள் 'வலிக்குது' என்ற அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார், மச்சாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு தோள் குலுங்க, பிறகு அந்த ஏரி முழுக்கக் கேட்க. நித்யாவும் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். வழிகாட்டிப் பெண் பதறிப்போய், ஒன்றுமில்லையே, சுகமாக இருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அண்ணை சிரிப்புக்கு நடுவே இரண்டு கையையும் தூக்கி, சுகம்தான் என்பதற்கு "ஓம்! ஓம்!" என்றார். அவர் பிரார்த்தனை செய்கிறாரா என்று அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

கரையில் துவாயைப் போர்த்திக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தோம். அண்ணை யாரும் சொல்லாமலே மீன் ரோல்ஸ் எடுத்துக் கடித்தார். "வசந்தி இருந்திருந்தால் இண்டைக்கு என்னைப் பேசு பேசெண்டு பேசியிருப்பாள்" என்றார்.

உன் பெயர், மச்சாள். அவ்வளவு நாளாக அடைத்து வைத்திருந்த உன் பெயரை ரோல்ஸோடு சேர்த்துச் சொன்னார்.

பிறகு நிறுத்தவே இல்லை. முதன்முதல் வள்ளமேறிய அன்று நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் துடுப்புப் போட்டு, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிச் சண்டை பிடித்த கதையைச் சொன்னார். அப்போது நீ என்ன உடுத்தியிருந்தாய் என்பதையும் சொன்னார். ஒரு கட்டத்தில் அழுதார். நாங்கள் தடுக்கவில்லை. அழுது முடித்து, "ரோல்ஸ் இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பு உனக்குக் கேட்டிருக்குமா? கேட்டிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் வீட்டில் இரண்டு தமிழும் கலந்துவிட்டன. நித்யா விரலில் கத்தி பட்டால் "நோகுது" என்கிறாள். அண்ணை முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய குரலிலேயே "ரொம்ப வலிக்குது" என்கிறார். நடுவில், இங்கேயே பிறந்து வளர்ந்த அரவிந்த் பாவம், இரண்டும் விளங்காமல் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கிறான்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடிக்கிறது. திறந்தால் அண்ணை, சைக்கிளும் கையுமாக. "இன்னும் வெளிக்கிடேல்லையோ? வெயில் போகப் போகுது" என்று என்னை விரட்டுகிறார். கால்வாய்க் கரையால் தூரம் போக வேண்டுமாம். என்னால் ஏலாது என்றேன். நீ சொல்வதுபோலவே, "ஏலாதெண்டு ஒண்டும் இல்லை" என்கிறார்.

ஆகவே, மச்சாள், உன்னிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அண்ணையை உன்னிடம் இப்போதைக்கு நான் அனுப்பமாட்டேன். நீ வழிபார்த்தாலும் சரி, என்னோடு கோபித்துக்கொண்டாலும் சரி, இது சத்தியம். இன்னும் நெடுங்காலம் அந்த மலைகளை நீ தனியாகவே சுற்று. இங்கே அவருக்குச் சாப்பாடு போட நான் இருக்கிறேன், சண்டை பிடிக்க நித்யா இருக்கிறாள்.

பற்றைக்குள் விழுவதற்குப் புறப்படும்,
உன் வீட்டுக்காரரின் ஒரே தங்கச்சி, உன் மச்சாள்,
ராஜி